வீட்டில் பார்த்த பாடம் பட்டறையில் எதற்கு உதவியது?

கேள்வி: தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மின்பணியாளர் பிரிவின் பயிற்றுநராக இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் பாடத்தைக் கலப்பு முறைக்கு மாற்றினோம். தியரி முழுவதும் பதிவுசெய்த வீடியோவாக வீட்டில். வாரத்தில் மூன்று நாள் பட்டறையில் செய்முறை. பருவ முடிவில் வாங்கும் கருத்துப் படிவத்தில் மாணவர்களின் திருப்தி மதிப்பெண் நன்றாக இறங்கிவிட்டது. முன்பு ஐந்துக்கு நாலுக்கு மேல் போட்டவர்கள் இப்போது மூன்றைத் தாண்டவில்லை. எழுதித் தந்த குறைகளில் அடிக்கடி வந்தவை: 'வீடியோ ரொம்ப நீளம்', 'வீட்டில் பார்த்ததையே பட்டறையில் மறுபடி சொல்கிறார்கள்', 'சந்தேகம் கேட்க ஆள் இல்லை'. நல்ல கேமராவும் ஒலிப்பதிவு அறையும் ஏற்பாடு செய்து எல்லா வீடியோவையும் புதிதாக எடுக்கலாம் என்கிறது நிர்வாகம். சக ஆசிரியர்கள் சிலர் பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள். எது சரி? இந்தப் படிவத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? கடைசியாக ஒன்று: வீடியோ பார்ப்பதை வருகைப்பதிவோடு சேர்க்கலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

இப்போதைக்குக் கேமரா வாங்க வேண்டாம். பழைய முறைக்கும் திரும்ப வேண்டாம். நீங்கள் எழுதிய மூன்று குறைகளில் நடுவில் இருப்பதுதான் உங்கள் பிரச்சினையின் வேர் என்று நினைக்கிறேன். வீட்டில் பார்த்ததையே பட்டறையில் மறுபடி சொல்கிறீர்கள். அதாவது, திரையும் பட்டறையும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தனித்தனியாக ஓடுகின்றன. தொழிற்கல்வியில் கலப்பு முறை மாணவர்களுக்குப் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் இந்த இணைப்பில்தான் இருக்கிறது. வீடியோ எவ்வளவு அழகு, செயலி எவ்வளவு புதிது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

முதலில் திருப்தி எப்படிக் குறைகிறது என்று பார்ப்போம். ஒருவர் எதை எதிர்பார்த்து வந்தாரோ அதற்கும் கையில் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளிதான் திருப்தியை முடிவுசெய்கிறது என்று ரிச்சர்ட் ஆலிவர் 1980-ல் எழுதினார். அவர் பேசியது பொருள் வாங்குபவர்களைப் பற்றி. ஆனால் தொழிற்கல்வி மாணவருக்கு அது அப்படியே பொருந்தும். உங்கள் பிரிவில் சேர்கிறவர் எதற்காகச் சேர்கிறார்? கருவியைக் கையில் பிடிக்க. பள்ளியில் கரும்பலகையைப் பார்த்து அலுத்துப்போய், கையால் ஒன்றைச் செய்து அது ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்களிடம் 'பாதிப் படிப்பு போனில்' என்று சொன்னால், தன்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். எடுத்ததற்குப் பதிலாகப் பட்டறையில் என்ன கூடியது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அந்த எண்ணம் போகும்.

எனவே உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தியரி வீட்டுக்குப் போனதால் உங்கள் பிரிவில் மிச்சமான நேரம் எங்கே போனது? ஒவ்வொரு மாணவரின் கைக்கும் அதிக நேரமாகப் போனதா, வேறொரு வகுப்புக்கு உங்களை அனுப்பப் பயன்பட்டதா? இரண்டாவது என்றால், எந்த வீடியோவாலும் மதிப்பெண்ணை ஏற்ற முடியாது.

அமெரிக்கக் கல்வித்துறை 2009-ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டது. இணையவழி, நேரடி, இரண்டும் கலந்தது என்று பல ஆய்வுகளைச் சேர்த்து ஒப்பிட்டார்கள். கலப்பு முறையில் படித்தவர்கள் நேரடி வகுப்பில் மட்டும் படித்தவர்களைவிடச் சராசரியாகச் சற்று மேலாகச் செய்திருந்தார்கள். கலப்பு முறைக்குக் கொடி பிடிப்பவர்கள் இந்த முடிவை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அதே அறிக்கையில் ஆய்வாளர்கள் ஓர் எச்சரிக்கையும் எழுதியிருக்கிறார்கள். கலப்பு வகுப்புகளில் பல இடங்களில் படிக்கும் நேரமும் கூடுதல், பாடப்பொருளும் கூடுதல். ஆகவே முன்னேற்றத்துக்குக் காரணம் இணையம்தான் என்று சொல்லிவிடக் கூடாது என்கிறார்கள். செலவைக் குறைக்கவும் பயிற்றுநர் நேரத்தைச் சுருக்கவும் கலப்பு முறையைக் கொண்டுவருகிற நிர்வாகங்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். சேர்த்ததால் வந்த பலனை, எடுத்துக்கொண்டும் பெறலாம் என்று நம்புகிறார்கள்.

சரி, மறுபடி சொல்லும் பிரச்சினைக்கு வருவோம். அது எப்படித் தொடங்குகிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீடியோவைப் பார்க்கவில்லை. பார்க்காதவர்களை எப்படி மெஷினில் விடுவது? எனவே பயிற்றுநர் முக்கால் மணி நேரம் பாடத்தைச் சுருக்கிச் சொல்கிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்துவிட்டு வந்தவர் அந்த முக்கால் மணி நேரமும் ஏமாந்தவராக உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வாரம் அவரும் பார்க்காமல் வருகிறார். ஒரு மாதத்தில் யாருமே பார்ப்பதில்லை. படிவத்தில் 'வீடியோ ரொம்ப நீளம்' என்று விழுகிறது. அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டு வீடியோவைச் சீர்திருத்தப் போனால் உங்கள் உழைப்பு முழுவதும் வீணாகும்.

இதை உடைக்க ஒரே வழி, பட்டறை நாளின் முதல் வேலையை மாற்றுவது. பேச்சில் தொடங்காதீர்கள். வீட்டுப் பாடம் தெரிந்தால்தான் செய்யக்கூடிய, பத்து நிமிடத்தில் முடிகிற ஒரு கைவேலையில் தொடங்குங்கள்.

உங்கள் பாடத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். மோட்டாரை நேரடியாக முழு மின்னழுத்தத்தில் ஓடவைக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்று பற்றிய வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒவ்வொரு மேசையிலும் முழுதாக வயரிங் செய்து முடித்த ஒரு போர்டு இருக்கட்டும். கட்டுப்பாட்டுச் சுற்று 24 வோல்ட்டில் ஓடட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் நீங்கள் முந்தின நாளே கழற்றி வைத்துவிடுங்கள்: ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக, காண்டாக்டரின் (காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இழுத்து இணையும் சுவிட்ச்) 13, 14 முனைகளுக்குப் போகும் வயர். இரண்டு இரண்டு பேராக நிற்கிறார்கள். பட்டனை அழுத்தினால் காண்டாக்டர் 'டக்' என்று இழுக்கிறது. விட்டால் விழுந்துவிடுகிறது. ஏன்?

வீடியோவைப் பார்த்தவருக்கு இது கதவைத் திறந்துவிட்டது போல இருக்கும். பட்டனை அழுத்தும்போது காண்டாக்டர் இழுக்கிறது என்றால் ஸ்டாப் பட்டன் சரி, மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் சுற்றைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயின் 95, 96 முனைகள் சரி, காயிலின் ஏ1, ஏ2 முனைகள் சரி. மின்சாரம் இவை எல்லாவற்றின் வழியாகவும் போய்வந்துவிட்டது. மிச்சம் இருப்பது, பட்டனை விட்ட பிறகும் காண்டாக்டரைப் பிடித்துவைக்கும் பாதை மட்டும். சப்ளையைத் துண்டித்துவிட்டு, மீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து, 13-லும் 14-லும் வயரைத் தேடினால் முடிந்தது. பார்க்காதவரோ முதலில் காயில் கெட்டுவிட்டது என்பார், அப்புறம் பட்டனை மாற்றச் சொல்வார். அவரைத் திட்டத் தேவையில்லை. பக்கத்தில் நிற்பவர் இரண்டு நிமிடத்தில் முடித்ததை அவரே பார்க்கிறார். ஓரமாக ஒரு மேசையில் டேப்லெட்டும் ஹெட்போனும் வைத்திருங்கள். 'அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்க, போர்டு அப்படியே இருக்கும்' என்று சொல்லுங்கள். தண்டனைக் குரல் வேண்டாம். வீட்டில் போன் ஒன்றுதான், அதையும் தம்பி தங்கையோடு பகிர வேண்டும் என்கிற மாணவருக்கு அந்த மேசை பெரிய உதவியாக இருக்கும். பார்க்காமல் வந்ததற்குக் காரணம் சோம்பல் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டிவிட முடியாது.

அடுத்த வாரம் 95-ல் வயரைக் கழற்றி வையுங்கள்; பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. அதற்கடுத்து ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரைக் குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி முழு அளவுக்கு மாற்றுவது) வரும்போது, ஸ்டார் காண்டாக்டரும் டெல்டா காண்டாக்டரும் ஒரே சமயத்தில் இழுத்துவிடாமல் தடுக்கும் இன்டர்லாக்கில் ஒன்றைப் பிழையாகப் போட்டு வைத்து, பவர் சப்ளையே இல்லாமல் வயரிங்கை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இப்படி ஒவ்வொரு வீடியோவுக்கும் பட்டறையில் ஒரு கேள்வி காத்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியை யோசித்து முடித்த பிறகுதான் வீடியோவையே எடுக்க வேண்டும் என்பேன். கேள்வி கிடைக்காத வீடியோ ஒன்று இருந்தால் அதைத் தூக்கிவிடலாம். அது யாருக்கும் தேவைப்படவில்லை.

இப்போது நிர்வாகத்தின் கேமரா யோசனை. எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை எடுத்து ஆராய்ந்த ஃபிலிப் குவோ குழுவினர் 2014-ல் சொன்னது இது: வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் அதில் தங்கும் நேரத்தின் நடுவளவு (பாதிப் பார்வைகள் அதற்குக் குறைவு, பாதி அதிகம்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதைவிட உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று. செலவு செய்து ஸ்டூடியோவில் எடுத்தவற்றைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து இயல்பாகப் பேசி எடுத்தவற்றில் மாணவர்கள் அதிக நேரம் தங்கினார்கள். அவை பல்கலைக்கழகப் பாடங்கள்தான். இருந்தாலும், பெரிய கேமரா வந்தால் திருப்தி தானாக ஏறும் என்கிற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்காது.

உங்கள் வேலைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. 2017-ல் ஃபியோரெல்லா, மேயர் முதலானோர் மின்சுற்று ஒன்றை அடுக்கிப் பொருத்தும் வேலையை இரண்டு விதமாக வீடியோ எடுத்தார்கள். ஒன்றில் கேமரா செய்பவருக்கு எதிரே இருந்தது. மற்றொன்றில் செய்பவர் தன் கண்ணால் பார்க்கும் கோணத்தில் இருந்தது. இரண்டாவதைப் பார்த்தவர்கள் வேலையை மேலாகச் செய்தார்கள். யோசித்தால் காரணம் புரியும். எதிரே நின்று பார்க்கும்போது இடது வலதாகத் தெரிகிறது. மாணவர் அதை மனசுக்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. எனவே உங்களுக்கு வேண்டிய கருவி, போனை உங்கள் தோளுக்கு மேலே அசையாமல் பிடிக்கும் ஒரு தாங்கி. நல்ல வெளிச்சம். சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக். உங்கள் சொந்தக் குரல். அவ்வளவு போதும். ஒரு வீடியோவில் ஒரு வேலை. முனையில் வயரை நுழைத்து இறுக்குவது ஒன்று, காயில் மின்னழுத்தத்தை அளப்பது ஒன்று. பெயரையும் அப்படியே வையுங்கள். 'அலகு 4, பகுதி 2' என்று பெயர் வைத்தால் மாணவர் திரும்ப வந்து தேட மாட்டார். 'பட்டனை விட்டால் மோட்டார் நிற்கிறதா?' என்று வைத்தால் வேலைக்குப் போன பிறகும் தேடுவார்.

இந்த வீடியோக்களுக்கு வீடு மட்டுமே இடம் என்று நினைக்க வேண்டாம். மாணவர்களின் திருப்தி ஏறுவதை நான் மிகத் தெளிவாகப் பார்ப்பது வீடியோ பட்டறைக்குள்ளேயே வரும்போதுதான். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு கியூஆர் அட்டை ஒட்டிவிடுங்கள். வேலையின் நடுவில் ஒரு படி மறந்துபோனால் மாணவர் உங்களைத் தேடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. போனைக் காட்டி நாற்பது வினாடி பார்த்துவிட்டு வேலையைத் தொடரலாம். ஒரு பயிற்றுநருக்கு இருபது முப்பது பேர் இருக்கும் இடத்தில், பட்டறையில் வீணாகும் நேரத்தின் பெரும்பகுதி 'சார் வரட்டும்' என்று காத்திருக்கும் நேரம்தான். அது குறைந்தால் மாணவர்களுக்கு உடனே தெரியும். உங்களுக்கும், உண்மையிலேயே சிக்கிக்கொண்டவர் பக்கத்தில் நின்று பேச நேரம் கிடைக்கும்.

எதைத் திரைக்கு அனுப்பக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யும் முறை ஒருநாளும் வீடியோவோடு முடிந்துவிடக் கூடாது. டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில் சோதிக்க வேண்டும். திரும்பவும் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்து டெஸ்டர் இடையில் கெட்டுப்போகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். மூன்று படிகள், கேட்க எளிது. அவசரத்தில் முதலில் விட்டுப்போவது மூன்றாவது படி. அதைக் கைக்குப் பழக்கமாக்க, உங்கள் கண்முன்னால் மாணவர் ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதேபோல முனை ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்குவது, காண்டாக்டர் 'கிர்ர்' என்று அதிரும் ஒலிக்கும் சரியாக இழுக்கும் ஒலிக்கும் என்ன வித்தியாசம், சூடேறிய இன்சுலேஷனின் வாடை எப்படி இருக்கும் என்பதெல்லாம் திரையில் வராது. தியரியையும் கைவேலையையும் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து ஒன்றை வீட்டுக்கு அனுப்பியதே கொஞ்சம் அவசர முடிவோ என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. சில தியரி போர்டுக்கு முன்னால் நிற்கும்போதுதான் புரியும். அதைப் பட்டறைக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். மாறாக, பழுது கண்டறியும் சிமுலேட்டர் போன்றவற்றில் எவ்வளவு பிழை செய்தாலும் ஆபத்தில்லை. அவற்றைத் தாராளமாக வீட்டுக்கு அனுப்பலாம்.

'சந்தேகம் கேட்க ஆள் இல்லை' என்கிற மூன்றாவது குறை சின்னதாகத் தெரியும், ஆனால் வலி அதில் அதிகம். வகுப்பில் கேள்வி வந்தால் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடுகிறீர்கள். வீடியோவுக்கு முன்னால் இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. மூன்று நாள் கழித்துப் பட்டறைக்கு வரும்போது கேள்வியே மறந்துபோயிருக்கும். இணையவழிக் கற்றலைப் பற்றி கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000-ல் எழுதிய கட்டுரையில், ஆசிரியர் 'அங்கே இருக்கிறார்' என்ற உணர்வு கற்றலுக்கு எவ்வளவு அடிப்படை என்று விளக்குகிறார்கள். அந்த உணர்வைத் தர இருபத்து நான்கு மணி நேரமும் போனோடு இருக்கத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மாலை, குறிப்பிட்ட ஒரு மணி நேரம், 'இந்த நேரத்தில் குரல் செய்திக்குப் பதில் சொல்வேன்' என்று அறிவித்து, அதை ஒருபோதும் தவறவிடாமல் இருந்தால் போதும். மாணவர் தன் போர்டைப் படம் எடுத்து அனுப்பட்டும். நீங்கள் அதே படத்தில் வட்டம் போட்டு, முப்பது வினாடி குரல் பதிவு அனுப்புங்கள். இந்த ஒரு மணி நேரம் உங்கள் வேலைநேரக் கணக்கில் எழுதப்பட வேண்டும். நிர்வாகம் கேமராவுக்கு ஒதுக்கும் பணத்தை இதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியரின் மாலை நேரத்தை இலவசமாக எடுத்துக்கொண்டு ஓடும் கலப்பு முறை ஓர் ஆண்டுக்கு மேல் தாங்காது.

உங்கள் மாணவர்களில் ஏற்கெனவே வயரிங் வேலைக்கு உதவியாளராகப் போய்வந்தவர்களும் இருப்பார்கள், ஸ்க்ரூடிரைவரையே முதல் தடவை தொடுகிறவர்களும் இருப்பார்கள். ஒரே வீடியோ இருவருக்கும் ஒத்துவராது. ஆஸ்திரேலியாவில் காலியூகா, சாண்ட்லர், ஸ்வெல்லர் மூவரும் மின்தொழில் பழகுநர்களை வைத்தே இதைச் சோதித்து 1998-ல் வெளியிட்டார்கள். புதியவர்களுக்கு, வரைபடத்துக்குள்ளேயே விளக்கத்தை எழுதிக் கொடுத்தது உதவியது. பழகிய பிறகு அவர்களுக்கே அந்த விளக்கம் இடைஞ்சலானது. வெறும் வரைபடமே போதும் என்றானது. ஆகவே, முதல் பத்து நிமிடக் கைவேலையை முடித்துவிட்டவருக்கு அந்த வார வீடியோவைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவரிடம் அடுத்த, கடினமான பழுதைக் கொடுங்கள்.

இது படிவத்தைப் படிக்கும் முறையையும் மாற்ற வேண்டும். சராசரி மூன்று என்றால் எல்லோரும் மூன்று போட்டார்கள் என்று பொருளாகாது. பாதிப் பேர் ஐந்தும் பாதிப் பேர் ஒன்றும் போட்டாலும் மூன்றுதான். யார் எத்தனை போட்டார்கள் என்று தாளில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்று போட்டவர்கள் அனுபவம் உள்ளவர்களா, புதியவர்களா, தூரத்திலிருந்து வருகிறவர்களா என்பது பெயர் கேட்காமலேயே, 'இதற்கு முன் வேலை செய்திருக்கிறீர்களா?' என்ற ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். நம்பலாம், ஆனால் எதைச் சொல்ல அதற்குத் தகுதி உண்டோ அதற்கு மட்டும். ஒரு பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடலாம் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே எழுதினார். பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா என்பவை அந்த நான்கு. திருப்திப் படிவம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. அது கற்றலையும் காட்டும் என்று நினைத்தால் தவறிவிடுவோம். 2019-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பில், ஒரு பாடத்தைச் சிலருக்கு நல்ல சொற்பொழிவாகவும் சிலருக்குத் தாங்களே போட்டுப் பார்க்கும் முறையிலும் நடத்தினார்கள். தாங்களே போட்டவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகத்தான் அவர்களுக்குத் தோன்றியது. கஷ்டப்பட்டதைக் கற்காததாக எடுத்துக்கொண்டார்கள்.

இதை நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் சொன்ன பத்து நிமிடக் கைவேலையைத் தொடங்கினால் முதல் சில வாரங்களில் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். மதிப்பெண் இன்னும்கூட இறங்கலாம். பயப்பட வேண்டாம். ஏன் இப்படிச் செய்கிறோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'இது கடினமாக இருக்கும், அந்தக் கடினத்தில்தான் கை பழகுகிறது' என்று ஆசிரியர் வாயால் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கூடவே, திருப்தியை ஒரு செய்முறைச் சோதனையோடு சேர்த்தே பாருங்கள். பருவத் தொடக்கத்திலும் நடுவிலும் ஒரே வகைப் பழுதைக் கொடுத்து, எவ்வளவு நேரத்தில், எத்தனை தேவையில்லாத சோதனைகளோடு கண்டுபிடிக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். திருப்தி இறங்கி, திறன் ஏறினால் பொறுத்திருக்கலாம். திருப்தி ஏறி, திறன் இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். வகுப்பு சுகமாகிவிட்டது என்று பொருள். இரண்டும் சேர்ந்து இறங்கினால் முறையை உடனே மாற்றுங்கள்.

படிவத்தைப் பருவ முடிவில் கொடுப்பதையும் நிறுத்துங்கள். முடிவில் வரும் குறையால் அதைச் சொன்னவருக்கு எந்தப் பயனும் இல்லை; அடுத்த அணிதான் பலன் பெறும். மாணவர்களுக்கும் இது தெரியும். எனவே பலர் கடமைக்கு வட்டம் போட்டுவிட்டுப் போகிறார்கள். நான்காவது வாரத்திலும் எட்டாவது வாரத்திலும் கேளுங்கள். 'இணையவழிக் கற்றல் உங்களுக்குத் திருப்தியா?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நடந்து முடிந்த வாரத்தைப் பற்றிக் கேளுங்கள்: வீட்டில் பார்த்தது பட்டறையில் எந்த இடத்தில் கைகொடுத்தது? எந்த வீடியோவைப் பார்த்தும் பயன்படவில்லை? வேலை செய்யாமல் எதற்காகக் காத்திருந்தீர்கள்? கேள்வி கேட்டுப் பதில் வர எத்தனை நாளானது? இந்த நான்கே போதும். அப்புறம் அடுத்த வாரம் பட்டறையில் நின்று, 'நீங்கள் சொன்னதில் இதை மாற்றிவிட்டோம், இதை மாற்ற முடியவில்லை, காரணம் இது' என்று சொல்லுங்கள். சொன்னது காதில் விழுந்தது என்று தெரிந்த பிறகு மாணவர்கள் எழுதும் பதில்களின் தரமே வேறாக இருக்கும்.

படிவமே நிரப்பாதவர்களை மறக்காதீர்கள். இணையத்தில் நிரப்பும் படிவம் என்றால், இணையம் இல்லாமல் தவிப்பவர் குரல் அதில் வரவே வராது. அவர்களிடம் நேரில் பேசுங்கள். வீடியோக்களைப் பட்டறையிலேயே போனில் இறக்கிக்கொண்டு போக வழி செய்தாலே இதில் பாதி தீரும்.

பழைய முறைக்குத் திரும்பலாம் என்கிற உங்கள் நண்பர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. மாணவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் பழைய முறையில் தியரி வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர், அதே விளக்கத்தை இரண்டாவது தடவை கேட்க வழியில்லாமல் இருந்தார். வேலைக்குப் போகிற நாளில் பட்டறைக்கு வர முடியாதவர் பாடத்தை இழந்தார். அந்த வசதிகளைக் கைவிட வேண்டாம். ஒட்டுமொத்தமாக மாற்றவும் வேண்டாம். வரும் பருவத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நான் சொன்ன விதத்தில் நடத்திப் பாருங்கள். அந்த நண்பர்களில் ஒருவரையே கூட்டுச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. எது ஒத்துவரவில்லை என்று அவர் கண்ணில்தான் முதலில் படும்.

கடைசிக் கேள்வி, வருகைப்பதிவு. வீடியோ ஓடிய நிமிடங்களை வருகையாகக் கணக்கிட வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டு ஓடவிட்டுத் தூங்குவது எல்லோருக்கும் தெரியும். மாணவரை நாமே அதற்குப் பழக்கியது போலாகிவிடும். அந்தப் பத்து நிமிடக் கைவேலையின் முடிவைப் பதிவேட்டில் எழுதுங்கள்; ஓரத்து மேசையில் பார்த்துவிட்டு வந்து முடித்தவருக்கும் அது முழுதாகக் கிடைக்கட்டும். ஆனால் வீட்டில் செலவிடும் நேரத்தைப் பாடநேரக் கணக்கில் கட்டாயம் சேருங்கள். வாரத்துக்கு நாலு மணி நேர வீடியோ என்றால், அந்த நாலு மணி நேரம் மொத்தப் பயிற்சி நேரத்துக்குள் வர வேண்டும், அதற்கு மேல் ஏற்றிவிடக் கூடாது. மாலையில் வேலைக்குப் போகிற மாணவர்கள் உங்கள் பிரிவில் எத்தனை பேர் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் அட்டவணையைப் போடுங்கள்.